“படிப்பு ஏறாது” என்னும் சொல்
(கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வாழ்த்துரை வழங்கப் பலர் காத்திருக்கின்றனர். ஆகவே நாம் வாழ்த்தைச் சுருக்கிக்கொண்டு, ஆசிரியப் பணியில் நெடுங்காலமாக நம் நெஞ்சை உறுத்திவரும் ஒரு செய்தியைப் பேச விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளிப் பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துச் சென்றோம். இதே சவ்வாது மலையில், நம் கண்ணெதிரே, வைணு பாப்பு வானாய்வுக்கூடம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டு 1986இல் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1977இல், யுரேனஸ் கோளைச் சுற்றியுள்ள வளையங்களைக் கண்டறிந்த ஆய்வில் காவலூருக்கும் பங்குண்டு. இவற்றையெல்லாம் விளக்கிய பின், “ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?” என்றோம். நெடுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவன், மெல்லக் கேட்டான்: “ஐயா, இங்கே வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுப்பாங்களா?”

காவலர் வேலை இழிவானதன்று. அவ்வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த தந்தையர் இந்த அவையிலேயே இருக்கின்றனர். நம்மை வருத்தியது வேறு. அந்தத் தொலைநோக்கியின் அடியில் அமர்ந்து விண்ணை ஆராய என்ன படிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லையே! கதவு பூட்டியிருக்கவில்லை. ஆனால் அது தமக்குரிய கதவு என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? பிறக்கும்போது எந்தக் குழந்தையும் “எனக்கு வராது” என்று எண்ணிப் பிறப்பதில்லை. நடை பழகும் குழந்தை நூறு முறை விழுகிறது. நூற்றொன்றாம் முறையும் எழுகிறது. “உனக்கு நடை ஏறாது” என்று அதனிடம் யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கு வந்த பிறகுதான் “உனக்குப் படிப்பு ஏறாது” என்கிறோம். அச்சொல்லை அயலார் சொன்னால் சினம் வருகிறது. நம் வீட்டுத் திண்ணையில் நாமே எத்தனை முறை சொல்லியிருக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இதைப் பற்றி நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்லுகிறோம்; இளைஞர்கள் செவி கொடுத்துக் கேட்கவேண்டும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பெண் அறிஞர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களைக் கொண்டு இதை நடத்தி, 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். உயர்சாதி எனப்படுவோர் 321 பேர், தலித் சிறுவர்கள் 321 பேர். ஆறு ஆறு பேராக அமரவைத்து, தாளில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளைக் கொடுத்து, நுழைவாயிலிலிருந்து வெளிவாயிலுக்குப் பென்சிலால் வழி காணச் சொன்னார்கள். ஒரு புதிருக்கு ஒரு ரூபாய் பரிசு. சில குழுக்களில் யாருடைய சாதியும் பேசப்படவில்லை. அங்கே இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே புதிர்களை விடுவித்தனர். வேறு சில குழுக்களில், தொடங்குமுன் ஒவ்வொரு சிறுவனின் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர், ஊர், சாதி ஆகியவற்றை எல்லார் முன்னும் உரக்கப் படித்தார்கள். அவ்வளவே, வசையில்லை, அடியில்லை. ஆயினும் அங்கே தலித் சிறுவர்கள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்துபோயிற்று.

புதிர் அதே புதிர். ரூபாயும் அதே ரூபாய். மூளையின் ஆற்றல் பட்டியல் படிக்கும் நேரத்திற்குள் வற்றிவிடுமா? வற்றாது. “உன் இடம் எது என்று எங்களுக்குத் தெரியும்” என அறையிலிருந்தவர்கள் சொல்வதாக அச்சிறுவர்களுக்குப் பட்டது, பென்சில் தயங்கிற்று. ஆகவே தன்னம்பிக்கைக் குறைவு நம் பிள்ளைகளின் இரத்தத்தில் ஊறிய குணம் என்று யாரேனும் மேடையில் பேசினால் நம்பாதீர்கள். அது வெளியிலிருந்து உள்ளே வைக்கப்படுவது.

இந்த ஆய்வைப் படித்த இரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஏன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆசிரியராகச் சேர்ந்த நாள் முதல், உதவித்தொகைப் பட்டியல் எடுக்கும்போதெல்லாம், “எஸ்.சி. பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்” என்று வகுப்பில் சொல்லி, தலைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறோம். நம் சமூகத்திற்குக் கிடைக்கவேண்டிய பணம் தவறக்கூடாதே என்ற நல்லெண்ணந்தான். சில ஆண்டுகளில் அடுத்த பாடவேளையே தேர்வாக இருந்ததும் உண்டு. நாமும் சிறுவனாக இருந்தபோது அவ்வாறே எழுந்து நின்றவர்கள். காது மடல் சுட்டது இன்றும் நினைவிருக்கிறது. நினைவிருந்தும் செய்தோம்! இப்போது நம் பள்ளியில் அவ்வழக்கம் இல்லை. பதிவேட்டிலேயே விவரம் இருக்கிறது. ஐயம் இருந்தால் பெற்றோரைத் தனியே அழைத்துக் கேட்கிறோம். அரைநாள் வேலை கூடுகிறது, கூடட்டும்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலும் இப்படியொரு காட்சி உண்டு. தனஞ்சய் கீர் எழுதிய வரலாற்றில் காணலாம். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். பலகைக்குப் பின்னால் மற்ற மாணவர்களின் உணவுப் பாத்திரங்கள் இருந்தன. தீட்டுப்பட்டுவிடுமென்று அவர்கள் ஓடிச்சென்று அவற்றை அப்புறப்படுத்திய பிறகே அவர் பலகையைத் தொட முடிந்தது. அத்தனை கண்களுக்கும் நடுவே நின்று அவர் கணக்கைப் போட்டார். 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறியபோது அவர் பெற்றவை 750க்கு 282 மதிப்பெண்கள். இந்த எண்ணை இளைஞர்கள் குறித்துக்கொள்ளவேண்டும். அந்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து, “இவருக்கு இவ்வளவுதான்” என்று ஒருவர் முடிவு கட்டியிருக்கக்கூடும். 1913இல் அவர் கொலம்பியாவுக்குச் சென்றார். 1923இல் இலண்டனில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். ஒரு தேர்வு அன்றைய நிலையைச் சொல்லும்; அடுத்த பதினாறு ஆண்டுகளைச் சொல்லாது.

நம் மாவட்டத்திலேயே ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்தவர் சுவாமி சகஜானந்தர். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர் அவர். எந்த ஊரில் நந்தனுக்குக் கதவு அடைபட்டதாகக் கதை சொல்கிறதோ, அந்த ஊரையே தேர்ந்தெடுத்து, அந்தப் பெயரையே பள்ளிக்கு வைத்தார் பாருங்கள்! தலை குனியவைத்த பெயரைத் தலை நிமிர்ந்து சொல்லும் பெயராக்கினார்.

சரி, இழித்துரைப்பதை நிறுத்திப் புகழத் தொடங்கினால் போதுமா என்றால், அதிலும் ஒரு சூது இருக்கிறது. அண்ணல் பயின்ற அதே கொலம்பியாவில் கரோல் டுவெக் என்னும் பேராசிரியையும் அவருடைய மாணவியும் நடத்திய ஆய்வு 1998இல் வெளிவந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, ஒரு சாராரை “நீ அறிவாளி” என்றும், மறு சாராரை “நன்றாக முயன்றாய்” என்றும் பாராட்டினர். பின்னர்க் கடினமான புதிர்கள் வந்தன, எல்லாரும் தடுமாறினர். மறுபடி எளியவை தந்தபோது, அறிவாளி எனப் புகழப்பட்டவர்கள் முன்னைவிடக் குறைவாகச் செய்தனர். முயற்சியைப் பாராட்டப் பெற்றவர்கள் கூடுதலாகச் செய்தனர். முன்னவர்களில் பலர் தம் மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய்யும் சொன்னார்கள். அறிவாளி என்ற பட்டத்தை இழக்க அச்சம்! நம் தெருவில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையைத் தலையில் தூக்கிவைத்து ஆடி, கல்லூரியில் ஒரு தாள் தவறியதும் அவன் ஊருக்கே வராமல் ஒளிந்துகொள்ளும் நிலையைக் கண்டிருக்கிறோம். அப்பிள்ளைக்குத் தோல்வியைத் தாங்கக் கற்றுத்தர யாரும் இல்லை.

ஆனால், “நம்பு, முடியும்” என்று சுவரில் எழுதிவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்றும் நாம் சொல்லமாட்டோம். 2019இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 மாணவர்களிடம் நடத்திய சோதனையில், மதிப்பெண் குறைந்தவர்கள் சிறிதளவே முன்னேறினர். அதே ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்த சோதனை முடிவில் முன்னேற்றமே தென்படவில்லை. நம்பிக்கை சோறு போடாது. ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு ஆசிரியரையும் தராது. மழைக்காலத்தில் பேருந்து வராத ஊர்ப் பிள்ளையிடம் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு ஆற்றுவது கொடுமை. பேருந்துக்கும் ஆசிரியருக்கும் விடுதிக்கும் நாம் மனுக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கவேண்டும். அவை வந்து சேரும்போது, “இவை எனக்காக வந்தவை” என்று கை நீட்டும் பிள்ளை இருக்கவேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இத்தனையும் சொல்கிறோம்.

நம் அண்டைச் சமூகமாகிய மலையாளிப் பழங்குடியில் பிறந்த, சவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தியை 2024இல் படித்தீர்கள். குழந்தை பெற்ற இரண்டே நாளில் சென்னைக்குச் சென்று தேர்வெழுதினார். செய்தித்தாள்கள் அவருடைய மன உறுதியைப் போற்றின, தகும். அவரை அனுப்பிவைத்த கணவரும் தாயும் இருந்தார்கள் என்பதை நம் ஆண்கள் சேர்த்துப் படிக்கவேண்டும்.

மறுபுறத்தையும் மறக்கவியலாது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரில் நம் மாவட்டத்தவர் பலர். மரம் வெட்டப் போகிறவன் ஒரே நாளில் அம்முடிவுக்கு வருவதில்லை. வறுமை தள்ளுகிறது, தரகர் இழுக்கிறார். ஆனால் பள்ளியைவிட்டு அவன் வெளியேறிய நாளில், “போகாதே” என்று சொல்ல ஒருவரும் இல்லாதிருந்ததும் அந்தக் கணக்கில் சேரும்.

நம் கணக்கிலும் ஒருவர் இருக்கிறார். பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், “உனக்குக் கணக்கு வராதப்பா, வேறு வேலை பார்” என்றோம். நாம் வரலாறு படித்தவர்கள். ஆசிரியர் பற்றாக்குறையால் கணக்குப் பாடம் எடுத்தோம். நமக்கே சரியாக வராததை அவனுக்கு வராது என்றோம். மறுவாரம் அவன் வரவில்லை. இன்று அவர் இம்மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிச் செல்லும் சிறு லாரி ஓட்டுகிறார். எடை, விலை, டீசல், வட்டி அனைத்தையும் நொடியில் மனத்திலேயே கூட்டிச் சொல்கிறார். சென்ற ஆண்டு ஒருநாள் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, “ஐயா, என் மகளை மாலை வகுப்பில் சேர்த்துக்குங்க” என்றார். பழையதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மன்னிப்புக் கேட்க நமக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

அந்தப் பெண் இப்போது ஏழாம் வகுப்பு. கழகத்தின் மாலை வகுப்பில் ஒரு புதிய வழக்கம் தொடங்கியிருக்கிறோம். தவறாகப் போட்ட கணக்கை உடனே அழிக்கக்கூடாது. எந்தப் படியில் தவறிற்று என்று பிள்ளையே சுழித்துக் காட்டவேண்டும். வியாழக்கிழமை பின்னக் கணக்குகள் ஐந்து கொடுத்தோம். அவளுக்கு மூன்று தவறு. பகுதிகளைச் சமமாக்காமல் கூட்டிவிட்டதாக அவளே சுழித்துக் காட்டினாள். விழாவை முன்னிட்டு நாளை விடுமுறை என்று அறிவித்தபோது, “அப்படின்னா இந்த மூணையும் எப்பங்கய்யா மறுபடி போடறது?” என்று கேட்டாள். நாளை மாலை ஆறு மணிக்கு வகுப்பறையைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.