வலியைத் தாண்டி ஒரு குழந்தை

மாதவிடாய் நாளில் சுருண்டு படுக்கும் பெண்ணிடம், "கல்யாணம் ஆனா சரியாப்போயிடும்" என்று சொல்லாத வீடு குறைவு. அந்த வலி எண்டோமெட்ரியோசிஸாகவும் இருக்கலாம். கருப்பையின் உள்படலம் போன்ற திசு சினைப்பை, குடல் என்று வெளியே வளர்கிற நோய் இது. இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது இருந்தாலும் பலர் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள். தாமதமானால் கவனியுங்கள்: வலிக்குத் தரும் ஹார்மோன் மாத்திரை கருத்தரிக்க உதவாது. சாப்பிடும் வரை கருமுட்டை வெளிவருவதையே பெரும்பாலும் நிறுத்திவைக்கும். நோய் லேசாக இருக்கும்போது லேப்ராஸ்கோப்பியில் அந்தத் திசுவை அகற்றினால் வாய்ப்பு கூடுகிறது என்று 1997-இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது.

இந்த நோயால் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி என்றால் மட்டும் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள். கட்டியை உரித்தெடுக்கும்போது அதை ஒட்டியிருக்கும் நல்ல முட்டைகளும் கொஞ்சம் போய்விடும். கத்தி வைக்கும் முன்பே ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையில் முட்டை இருப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். இருப்பு குறைவு, வயதும் 35 தாண்டிவிட்டது, கருக்குழாயிலும் அடைப்பு என்றால் ஐவிஎஃப் பற்றி நேராகவே டாக்டரிடம் பேசலாம். கணவரின் விந்துப் பரிசோதனையையும் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். அதைச் செய்யாமல் மனைவியை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிடுவது நியாயமே இல்லை.