கொழும்பில் வாடகை வீடு



ஊரிலே வீடென்பது தலைமுறை வழியாக ஒருவனை வந்து சேர்வது. பாட்டன் நட்ட பலாவும், தந்தை வெட்டிய கிணறும், தாய்க்குச் சீதனமாக வந்த காணித்துண்டும் சேர்ந்ததே அவனுக்கு வீடு. அங்கே, "இவ்வீட்டில் எவ்வளவு காலம் இருப்பீர்?" என்று அவனை எவரும் கேட்பதில்லை. நகரத்திலோ அந்தக் கேள்விதான் முதலில் எழுகின்றது. உத்தியோக மாற்றம் பெற்றுக் கொழும்புக்கு வரும் இலிகிதர் ஒருவர், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தெகிவளையிலோ தரகருடன் பல மாடிப்படிகளை ஏறி இறங்கிய பின்னர், வீட்டுக்காரரிடம் கேட்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "ஒரு வருடத்துக்குத் தரலாம், பிறகு பார்ப்போம்." அந்தப் "பிறகு பார்ப்போம்" என்னும் சொற்களுக்குள் இந்நாளைய வாடகைப் பிரச்சினையின் பெரும்பகுதி அடங்கியிருக்கின்றது.

வாடகை உயர்வு என்றால் மாதந்தோறும் கொடுக்கும் தொகை கூடுவது என்பதே பலரது எண்ணம். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. வாடகைக்குக் குடியிருப்போன் பணத்தோடு தன் நிலைபேற்றையும் இழக்கின்றான். ஒப்பந்தம் முடியும் மாதத்தில் வீட்டுக்காரர் புதிய தொகையொன்றைச் சொல்கின்றார். அதற்கு இணங்கினால் பலசரக்குக் கணக்கிலும் பிள்ளைகளின் படிப்புச் செலவிலும் கைவைக்க வேண்டும். இணங்காவிடில் மீண்டும் தரகு, மீண்டும் லொறிக் கூலி, மீண்டும் முற்பணம். முற்பணமோ ஆறு மாத வாடகை, ஒரு வருட வாடகை என்று ஒரே தடவையிற் கேட்கப்படுவது வழக்கமாகிவிட்டது. அதற்காக நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் பல. சம்பளத்திலே சேமித்து ஒருநாள் சொந்தமாக ஒரு வீடு வாங்கலாம் என்று எண்ணியவரின் சேமிப்பு, வீடு மாறுவதிலேயே கரைந்துபோகின்றது.

இதனினும் பெரிதான இழப்பு ஒன்றுண்டு. அரசாங்கப் பாடசாலைகளில் முதலாந் தரத்துக்குச் சேர்க்கப்படும் பிள்ளைகளிற் பாதிப்பேர், பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர் என்ற பிரிவின் கீழேயே எடுக்கப்படுகின்றனர். அண்மையில் வசிப்பதை உறுதியோ, பதிவுசெய்த குத்தகை ஒப்பந்தமோ கொண்டு எண்பிக்க வேண்டும். வாக்காளர் இடாப்பிலே கடந்த ஐந்தாண்டுகளாகப் பெயர் பதிந்திருத்தலுக்கும் புள்ளி உண்டு. ஐந்தாண்டுக்குள் மூன்று வீடு மாறிய தகப்பன் எந்த விலாசத்தைக் காட்டுவான்? அவன் பெயரைத் தம் வீட்டு விலாசத்திற் பதியவிடச் சில வீட்டுக்காரர் தயங்குவதும் உண்டு. பதிவு பின்னர் உரிமையாகிவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். இவ்வாறாக வாடகை ஒப்பந்தத்தின் குறுகிய காலம், பெற்றோரைக் கடந்து, பிள்ளை எந்த வகுப்பறையில் அமரும் என்பது வரைக்கும் சென்று தாக்குகின்றது.

இந்நிலை நேற்று முளைத்ததன்று. எண்பது ஆண்டுகளுக்கு மேலான வரலாறு இதன் பின்னே இருக்கின்றது. அந்த வரலாற்றை அறிந்தாலன்றிப் பரிகாரத்தை அறிதல் அரிது.

இரண்டாம் உலகப் போரிலே 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்த பின்னர், கொழும்பும் திருகோணமலையும் நேசநாட்டுப் படைகளுக்கு முக்கிய தளங்களாயின. படையினரும் அவர்களைச் சார்ந்து தொழில் தேடியோரும் நகரத்தை நிறைத்தனர். வீடுகளோ பெருகவில்லை. வாடகை மேலெழும்பியது. அதனைத் தடுக்கும் பொருட்டு அந்த ஆண்டிலேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. போர் முடிந்த பின்னரும் அது மறையவில்லை. 1948இல் இன்னும் விரிவான சட்டமாயிற்று. வீட்டின் நியம வாடகை, 1941 நவம்பரில் நடைமுறையிலிருந்த வருட மதிப்பீட்டைத் தழுவிக் கணிக்கப்பட்டது. வாடகையை ஒழுங்காகச் செலுத்துபவனைத் தக்க காரணமின்றி வெளியேற்றவும் இயலாதாயிற்று.

குடியிருந்தோருக்கு இஃது பெரும் பாதுகாப்பு. அவர்களின் பிள்ளைகள் ஒரே வீட்டிற் பிறந்து, ஒரே பாடசாலையிற் கற்று, அவ்வீட்டிலிருந்தே மணஞ்செய்து போயினர். ஆயினும் சட்டத்துக்கு மற்றொரு முகமும் இருந்தது. சீமெந்தும் மரமும் ஆட்கூலியும் ஆண்டுதோறும் உயர, வாடகை மட்டும் போர்க்கால மதிப்போடு கட்டுண்டு கிடந்தது. கூரை ஒழுகினும் திருத்த வீட்டுக்காரர் முன்வரவில்லை. கணவன் விட்டுச்சென்ற ஒரேயொரு வீட்டின் வாடகையை நம்பி வாழ்ந்த விதவைக்கு, அவ்வாடகை ஒரு மூட்டை அரிசிக்கும் போதாத காலம் வந்தது. பணமுடையோர் வாடகைக்கென வீடு கட்டுவதைக் கைவிட்டு வேறு துறைகளை நாடினர். உள்ளே இருந்தவனுக்கு நிலை கிடைத்தது. வெளியே நின்றவனுக்குக் கதவு திறக்கவில்லை. திறந்த இடத்திலும் பற்றுச்சீட்டின்றிக் கைமாறும் பணமே திறவுகோலாயிற்று.

இவ்விடத்திலே கொழும்போடு ஒப்பிட்டு நோக்கத்தக்க நகரமொன்று உண்டு. அது ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னா. அந்நகரமும் போரின் நடுவே, முதலாம் உலகப் போரின்போது 1917இல், வாடகையைக் கட்டுப்படுத்தியது. போருக்குப்பின் பணம் மதிப்பிழக்க, கட்டுப்படுத்திய வாடகை ஒன்றுமில்லாததாய்ச் சுருங்கியது. தனியார் வீடு கட்டுவதை நிறுத்தினர். இதுவரை கொழும்பின் கதையும் வியன்னாவின் கதையும் ஒன்றே. இதன் பின்னரே இரண்டும் பிரிகின்றன. தனியார் விட்ட இடத்தை வியன்னா மாநகரசபை தானே நிரப்பியது. 1923இல் வீடமைப்புக்கென ஒரு தனி வரி விதிக்கப்பட்டது. சிறு வீட்டுக்குச் சிறிதாகவும் மாளிகைக்குப் பெரிதாகவும் அவ்வரி படிப்படியாக ஏறியது. அப்பணத்தைக் கொண்டு 1934ஆம் ஆண்டுக்குள் 60,000க்கு மேற்பட்ட வீடுகளை நகரசபை கட்டியது. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோப் என்னும் தொடர்மாடியில் மட்டும் 1,382 வீடுகள். அதன் நீளம் ஒரு கிலோமீற்றருக்கு மேல். இன்று ஏறத்தாழ 2,20,000 வீடுகள் அந்நகரசபைக்குச் சொந்தம். அவை விற்பனைக்கல்ல, வாடகைக்கே. அவற்றிற் குடியேறுவோருக்குப் பொதுவாகக் கிடைப்பது காலவரையறையில்லாத ஒப்பந்தம்.

கொழும்பிலும் அரசாங்கம் வாளாவிருந்தது என்று கூறுதல் நியாயமன்று. 1954இல் தேசிய வீடமைப்புச் சட்டம் வந்தது. பம்பலப்பிட்டியிலும் மாளிகாவத்தையிலும் பிற இடங்களிலும் அரசாங்கத் தொடர்மாடிகள் எழுந்தன. 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை அமைக்கப்பட்டது. ஆனால் இரண்டு வேறுபாடுகள் கருதத்தக்கன. ஒன்று, கட்டிய தொகை தேவைக்கு ஈடாகவில்லை. மற்றொன்று, வாடகைக்கெனக் கட்டியவற்றிற் பல, காலப்போக்கில் அவற்றிற் குடியிருந்தோருக்கே உரிமையாக்கப்பட்டன. அக்குடும்பங்களுக்கு அது நன்மையே. எனினும் அடுத்து வரும் இலிகிதருக்கும் தாதிக்கும் ஆசிரியருக்கும் வாடகைக்குக் கொடுக்கப் பொதுவுடைமையான வீடு மிஞ்சவில்லை.

1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டிலே வீட்டு ஆதனங்கள் மீதான உச்சவரம்புச் சட்டம் வந்து, ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளுக்கு எல்லை வகுத்தது. மிகையான வீடுகளிற் குடியிருந்தோர் அவற்றை விலைக்குப் பெறும் வழியும் பிறந்தது. வாடகைக் குடியிருப்பாளர் ஆயிரக்கணக்கானோர் இதனால் வீட்டுக்காரராயினர். ஆனால் ஒன்றுக்கு மேல் வீடு வைத்திருப்பதே ஆபத்து என்ற எண்ணம் உடையவர் மனத்திற் பதிந்துவிட்டது. வாடகைக்கு வீடு விடுவோர் தொகை மேலும் குறைந்தது.

பின்னர்த் துலாக்கோல் மறுபக்கம் சாய்ந்தது. 1980ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், அவ்வாண்டின் பின் எழுந்த புதிய வீடுகளுக்கு வாடகைச் சட்டத்தின் பிடி இல்லாதாயிற்று. கட்டுவோருக்கு ஊக்கமளிப்பதே அதன் நோக்கம். நோக்கம் ஓரளவு நிறைவேறிற்று, வீடுகள் எழுந்தன, வீட்டோடு சேர்த்த அனெக்ஸுகளும் பெருகின. ஆனால் பழைய வீட்டிலிருப்பவனுக்குச் சட்டம் முழுக் காவல். புதிய வீட்டிலிருப்பவனுக்கு ஒப்பந்தத் தாளன்றி வேறு காவலில்லை. ஒரே வீதியில், அடுத்தடுத்த வாசல்களில், இரு வேறு உலகங்கள் தோன்றின.

தொடர்மாடி வீடுகளைத் தனித்தனியே சொந்தமாக்கிக்கொள்ளும் சட்டம் 1973இலேயே வந்திருந்தது. அதன் முழுப்பயன் பிற்காலத்திலே தெரிந்தது. வெள்ளவத்தையின் பழைய வளவுகள் இடிக்கப்பட்டு, ஒரு வீடு நின்ற நிலத்தில் இருபது முப்பது வீடுகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் உழைத்த வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை நின்ற இடத்தில் இன்று வானளாவும் மாடிமனைகள் நிற்கின்றன. வீடுகள் இத்துணை பெருகியும் வாடகை ஏன் இறங்கவில்லை என்று கேட்கலாம். விடை எளியது. அவ்வீடுகளிற் பல, இலிகிதரின் சம்பளத்தை எண்ணிக் கட்டப்பட்டவையல்ல. முதலிடுவோரையும் கடல் கடந்து வாழ்வோரையும் எண்ணிக் கட்டப்பட்டவை. கனடாவிலும் இங்கிலாந்திலும் உழைப்போர், பெற்றோருக்காகவோ விடுமுறைக்காகவோ வாங்கிய வீடுகள் உள்ளன. அவற்றுட் சில ஆண்டிற் பல மாதங்கள் பூட்டிக் கிடக்கின்றன. வேறு சில, நாட்கணக்கிலே உல்லாசப் பயணிகளுக்கு விடப்படுகின்றன. 2024இல் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் இலங்கைக்கு வந்தனர். நாளொன்றுக்கு வாடகை தருவோன் உள்ளபோது மாதத்துக்குத் தருவோனை யார் தேடுவார்?

இந்நிலைமீது 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி பேரிடியாக வீழ்ந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்திற்று. செப்டெம்பரிற் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. சீமெந்து, இரும்பு, மின்கம்பி யாவும் விலையேறின. தொடங்கிய கட்டடங்கள் பாதியில் நின்றன. வீட்டுக்கடன் பெற்று வாங்க நினைத்தோர் வட்டிக்கஞ்சி வாடகை வீட்டையே மீண்டும் நாடினர். தேடுவோர் பெருகக் கிடைப்பது குறைந்தது. பின்னர் பணவீக்கம் தணிந்தது. ஆனால் தணிவதென்பது விலை மேலும் விரைந்து ஏறாமல் நிற்பதேயன்றி, ஏறிய விலை இறங்குவதன்று. அவ்வாறே உயர்ந்த வாடகையும் உயர்ந்த இடத்திலேயே நிலைத்தது. சம்பளம் அவ்வேகத்தில் உயரவில்லை.

ஆகவே வாடகையை மீண்டும் சட்டத்தாற் பூட்டிவிட்டால் துயர் தீருமா? 1942 முதல் கண்ட அனுபவம் அவ்வாறு கூறவில்லை. பூட்டு, உள்ளிருப்பவனைக் காக்கும், வெளியிலிருப்பவனை மறந்துவிடும். யாவற்றையும் சந்தையின் போக்கில் விட்டுவிட்டால் சரியாகுமா? 1980இன் பின் கண்ட அனுபவம் அவ்வாறும் கூறவில்லை. வியன்னா காட்டும் பாடம் இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டது. கட்டுப்படுத்துகின்ற கை கட்டவும் வேண்டும். கட்டியதை விற்றுவிடாது வாடகைக்கென வைத்திருக்கவும் வேண்டும்.

அத்துணை பெரிய வேலைக்குக் காலமும் பணமும் வேண்டும். அதுவரையிற் செய்யத்தக்க சிறிய காரியங்களும் உண்டு. ஒப்பந்தத்தின் காலம் ஒன்றுக்குப் பதிலாக மூன்றோ ஐந்தோ ஆண்டுகளாகலாம். ஆண்டுதோறும் வாடகை எவ்வளவு ஏறும் என்பது தொடக்கத்திலேயே எழுத்தில் அமையலாம். அங்ஙனமாயின் வீட்டுக்காரருக்கு விலைவாசியோடு ஒத்த வருவாய் கிடைக்கும். குடியிருப்பவருக்கு அடுத்த ஆண்டின் கணக்கை இன்றே போடும் நிம்மதி கிடைக்கும். ஒப்பந்தம் முடிந்தும் வெளியேறாதவன்மீது வழக்காடி ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேருமோ என்று வீட்டுக்காரர் அஞ்சுகின்றார். வழக்குகள் விரைந்து தீருமாயின் அவர் நீண்ட ஒப்பந்தத்துக்கு அஞ்சமாட்டார். குடியிருப்போரும், வாய்ச்சொல்லை நம்பாது, ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதிவுசெய்வதும், கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டுப் பெறுவதும், கிராம உத்தியோகத்தரிடம் தம் பெயரைப் பதிவதும் தம் பிள்ளைகளுக்குச் செய்யும் கடமையெனக் கொள்ளவேண்டும்.

நகரம், தனக்காக உழைப்பவரின்றி ஒருநாளும் நடவாது. வைத்தியசாலையில் இரவு விழித்திருக்கும் தாதியும், காலை ஏழரை மணிக்கு வகுப்பிலே நிற்கும் ஆசிரியையும், கந்தோரிற் கோப்புகளைத் திறக்கும் இலிகிதரும், பஸ் ஓட்டுபவரும் நகரத்துக்கு நாள்தோறும் வேண்டியவர்கள். அவர்கள் பாணந்துறைக்கும் கம்பகாவுக்கும் அப்பால் ஒதுங்கி, நாளின் மூன்று நான்கு மணி நேரத்தைப் பிரயாணத்திற் செலவிட நேருமாயின், அந்த நட்டத்தை அவர்கள் மட்டுமே சுமப்பதில்லை. வீட்டுக்காரரும் அரசாங்கமும் வாடகை கேட்டு வருபவனுக்கு, "பிறகு பார்ப்போம்" என்பதற்குப் பதிலாக, "உமது பிள்ளை படித்து முடிக்கும்வரை இரும்" என்று கூறத்தக்க ஒரு நிலையை உண்டாக்க இயலுமா என்பதே கேள்வி. அக்கேள்விக்குரிய விடையிலேதான் கொழும்பின் நாளைய வாழ்வு தங்கியிருக்கின்றது.