அகழி கற்பிக்கும் பாடம்

(தேர்வாய் கண்டிகையில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



அகழி என்றவுடன் கோட்டையும் போருமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும், பயிர்த்தொழிலுக்கும் அகழி துணை நின்றதுண்டு. இங்கிலாந்தில், சிறப்பாக 13, 14-ஆம் நூற்றாண்டுகளில், நிலக்கிழார்களும் வசதி படைத்த உழவர்களும் தம் பண்ணை வீடுகளைச் சுற்றி ஆயிரக்கணக்கான அகழிகளை வெட்டினர். அவை களிமண் நிலத்தில் தேங்கும் நீரை வடித்து மனைமேட்டைக் காத்தன. கால்நடைகளுக்கு நீரும், உணவிற்கு மீனும் அளித்தன.

நம் மாநிலத்தில் அகழியின் அமைப்பைக் காண வேலூர் செல்லலாம். விஜயநகர ஆட்சியில், 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கருங்கற் கோட்டை 133 ஏக்கர் பரப்புடையது. அருகிலிருந்த நீர்நிலையினின்று நிலத்தடி வழியாக அதன் அகழிக்கு நீர் வந்தது. மிகுநீர் வெளியேறவும் வழி இருந்தது. பிற்காலத்தில் அவ்வழி தூர்ந்தது. 2021 நவம்பர் பெருமழையில் அகழி நிரம்பி, ஜலகண்டேசுவரர் ஆலயத்திற்குள் வெள்ளம் புகுந்தது.

இப்பாடம் நமக்கும் உரியது. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து அமைத்த நீர்த்தேக்கம் 2020-இல் திறக்கப்பட்டது; அதன் கொள்ளளவு 50 கோடி கன அடி. அதனைப் பேணப் பொறியாளர்கள் உளர். ஊர்க் குளத்திற்கும் தாங்கலுக்கும் பஞ்சாயத்தே காவல். வரவுக்காலை மறித்தால் குளம் வறளும். போக்குக்காலை அடைத்தால் ஊர் மூழ்கும். ஆக்கிரமித்தவர் உறவினராயினும் வாளாவிருத்தல் தகாது. மழைக்கு முன்னரே இரண்டு கால்களையும் அளந்து, எல்லைக்கல் நடச் செய்யுங்கள்.