மருந்து தீர்ந்த பின்பும்



1945 ஆகஸ்ட் 9 அன்று, யுத்தத்தின் கடைசி நாட்களில், நாகசாகியில் அணுகுண்டு விழுந்தது. உராகாமியில் பிரான்சிஸ்கன் சபையாரின் காசநோய் மருத்துவமனை தீப்பற்றியது. டாக்டர் தாட்சுயிச்சிரோ அகிசுகியும் ஊழியர்களும் நோயாளிகளை வெளியே சுமந்து வந்தார்கள். மருந்துகள் எரிந்துபோயின. வெந்த உடலோடு ஜனங்களோ வந்துகொண்டேயிருந்தார்கள். மிஞ்சிய கொஞ்சத்தைக்கொண்டு அவர் புண்களுக்கு மருந்திட்டார். வெளிக்காயமே இல்லாதவர்களும் பின்பு கதிர்வீச்சினால் மரித்தார்கள். ஆனாலும் அவர் அவர்களை விட்டுப் போகவில்லை.

மருந்தில்லாத கைகளுக்கும் ஊழியம் உண்டென்று நாம் கற்றுக்கொள்கிறோம். ஆனால் மருந்து இருந்திருந்தால் எத்தனை வேதனை தணிந்திருக்கும்! ஆபத்து நாள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதற்கு முன்னே மருந்து அலமாரியை நிரப்புவது உங்கள் காணிக்கை. நோயாளியின் அருகில் நிற்பது எங்கள் பங்கு. இரண்டும் குறையாதிருக்க ஜெபிப்போம்.