கல்லூரி வாசல் இப்போது செல்போனில்

(பிளஸ் டூ எழுதிய மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நமது அறக்கட்டளை நடத்திய உயர்கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் பயணத்தைப் பற்றி நம் ஆலிம்கள் பயான்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரே ஒரு ஹதீஸுக்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் தேசம் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஹதீஸ் வேறொருவர் வழியாக அவர்களுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. ஆனாலும் நபி (ஸல்) அவர்களிடம் நேரில் கேட்ட அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடமே கேட்டுவிட வேண்டும் என்று போனார்கள்.

இன்று கல்விக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் எந்தச் செய்தியையும் உரிய இடத்திலேயே நேரடியாகக் கேட்டுக்கொள்ளும் அந்தப் பழக்கம் நம்மிடம் இருக்கிறதா?

முன்பெல்லாம் இன்ஜினீயரிங் கவுன்சலிங் என்றால் பிள்ளையை அழைத்துக்கொண்டு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போவோம். 2018 முதல் அது இணையவழிக்கு மாறிவிட்டது. பதிவு செய்வது, சான்றிதழ் ஏற்றுவது, கல்லூரிகளை வரிசைப்படுத்துவது, கிடைத்த இடத்தை உறுதி செய்வது எல்லாம் திரையில்தான். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பமும் அப்படியே.

சேர்ந்த பிறகும் இது முடிவதில்லை. 2020 ஊரடங்கில் வகுப்புகள் ஜூமுக்கும் கூகுள் மீட்டுக்கும் வந்தன. 2021 தொடக்கத்தில் இணைய வகுப்புக்காகக் கல்லூரி மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜிபி டேட்டாவைத் தமிழக அரசே இலவசமாகக் கொடுத்தது. கல்லூரிகள் திறந்த பின்னும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவும் கூகுள் கிளாஸ்ரூமும் பல இடங்களில் நிலைத்துவிட்டன. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் என்ன என்பது நோட்டீஸ் போர்டுக்கு முன்பே செல்போனுக்கு வந்துவிடுகிறது.

இதில் நமக்குப் பெரிய வாய்ப்பும் இருக்கிறது. மத்திய அரசு 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் நல்ல பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் அறிவித்த டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலமும் கணிதமும் படித்து, பிளஸ் டூ தேறியவர்கள் எந்தப் பிரிவாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடத்தைப் படித்து, தகுதித் தேர்வில் தேற வேண்டும். பாடம் வீட்டில், தேர்வு மட்டும் மையத்தில் நேரில். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதைக் கவனியுங்கள்.

இனி ஒரு வருத்தமான செய்தி. சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பெண் பிள்ளைக்குக் கவுன்சலிங்கில் இடம் கிடைத்தது. ஆனால் அது அவளுக்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தில் இருந்தது பிரவுசிங் சென்டர்காரரின் செல் நம்பர். வாப்பா வெளிநாட்டில். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அண்ணன் கையில். உறுதி செய்ய வேண்டிய கெடு முடிந்த பிறகுதான் போய்ப் பார்த்தார்கள். இடம் போய்விட்டது. விரும்பாத படிப்பில் இன்று அந்தப் பிள்ளை இருக்கிறாள். பரிசளிப்பு விழாவில் அவளுக்குக் கேடயம் கொடுத்தது நாம்தான். "யார் நம்பர் கொடுத்திருக்கிறாய் அம்மா?" என்று கேட்க நமக்கும் தோன்றவில்லை. அந்தக் குறை நம்முடையது.

ஆகவே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, விண்ணப்பத்தில் பிள்ளையின் சொந்த செல் நம்பரும் சொந்த இமெயிலும் இருக்கட்டும். படிப்பு முடியும்வரை அவற்றை மாற்ற வேண்டாம்.

இரண்டாவது, பெயர். நம் பிள்ளைகளின் பெயரில் முஹம்மது என்பதே ஆதாரில் ஒரு எழுத்தாகவும் மதிப்பெண் பட்டியலில் வேறு எழுத்தாகவும் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள். இப்போதே சரிபார்த்துத் திருத்துங்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீட்டைப் பெறச் சாதிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். கல்லூரியின், பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தைப் பாருங்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். வீட்டிலிருந்தே இன்ஜினீயரிங் பட்டம், நர்சிங் பட்டம் என்று யாராவது பணம் கேட்டால் ஏமாறாதீர்கள். அப்படி முழுக்க ஆன்லைனில் நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை. மற்ற ஆன்லைன் பட்டங்களுக்கும் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் யு.ஜி.சி. தளத்திலேயே இருக்கிறது.

நான்காவது, தாய்மார்களுக்கு. பெண் பிள்ளை கையில் போன் கொடுக்க அஞ்சுவது நமக்குப் புரிகிறது. கவனியுங்கள், பேசுங்கள், ஆனால் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஆன்லைன் வகுப்பில் இருக்கும் பிள்ளை வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளை அல்ல. அந்த ஒரு மணி நேரம் அடுப்படிக்குக் கூப்பிடாமல் இருங்கள்.

கவுன்சலிங் முடியும்வரை தினமும் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் கம்ப்யூட்டரோடு நம் கல்லூரி மாணவர்கள் இருப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு உதவ, காலை நேரத்தில் சகோதரிகள் வருவார்கள். கட்டணம் எதுவும் இல்லை. விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் தனியாக வந்து சொல்லுங்கள். வெளியில் தெரியாமல் கட்டிக் கொடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ். இந்த ஆண்டு கெடு தவறியதால் நம் மஹல்லாவில் ஒரு பிள்ளைக்கும் இடம் பறிபோகக் கூடாது.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.