பக்கத்து வீட்டு இரைச்சல்

அயல் மாநிலத்தில் வாழும் நம்மவருள் பலர், இரவின் அமைதியில் மத்திய அலையிலே தொலைதூரத்துத் தமிழ் நிலையத்தைத் தேடியிருப்பார்கள். குரல் தெளியும் வேளையில் ஓர் இரைச்சல் எழுந்து அதனை விழுங்கிவிடும். வானிலையை நொந்துகொள்வோம். குற்றவாளி பெரும்பாலும் வானமன்று, அருகிலுள்ள ஏதோவொரு மின்கருவி.

இத்தொல்லை வானொலியோடு நிற்பதில்லை. 2017ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில், டி-மொபைல் நிறுவனத்தின் 700 மெகாஹெர்ட்ஸ் கைபேசி அலைவரிசையில் இடையூறு நேர்ந்தது. முறையீட்டின் பேரில் அமெரிக்க மத்தியத் தகவல் தொடர்புக் கமிஷனின் அதிகாரிகள் திசையறியும் முறையால் தேடி, ஒரு குடியிருப்பை அடைந்தனர். அங்கிருந்தது ஒலிபரப்பி அன்று. பிட்காயின் நாணயத்துக்காக ஓயாமல் கணக்கிடும் ‘ஆண்ட்மைனர் எஸ்-5’ யந்திரம்! அதை நிறுத்தியதும் இடையூறு நின்றது.

கணக்கிடும் யந்திரம் அலை பரப்புவானேன்? அதன் 60 சில்லுகளும் வினாடிக்கு 35 கோடி துடிப்புகளில், அதாவது 350 மெகாஹெர்ட்ஸில் இயங்குவன. வீணைத் தந்தி தன் சுருதியோடு அதன் மடங்குகளையும் எழுப்புவதுபோல, மின்துடிப்பும் எழுப்பும். 350ஐ இரட்டித்தால் 700 வருகிறதல்லவா? காரணம் இதுவே என்பது நம் ஊகம்.

அந்நாட்டு விதிகளின் 15ஆம் பகுதிப்படி, சோதனைச்சாலையில் கதிர்வீச்சு வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது. பிறர் அலைக்குத் தீங்கு நேர்ந்தால் கருவியை நிறுத்தியாக வேண்டும். அபராதம், பறிமுதல், சிறைவாசம் வரை போகலாமென்று கமிஷன் எச்சரித்தது. கடைக்காரனை நம்பி வாங்கியவர்மீது இவ்வளவு கடுமையா என்பர் சிலர். அயலாரின் கைபேசி ஆபத்து வேளையில் ஊமையாகுமானால் அவ்வாதம் எடுபடாது என்றே நாம் கருதுகிறோம்.

அதிகாரிகள் செய்ததை நாமும் சிறிய அளவில் செய்யலாம். பாட்டரியில் இயங்கும் வானொலியைப் பாடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் திருடன் நம் வீட்டிலேயே இருக்கிறான். விளக்கு, சார்ஜர் என ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதுதான். நில்லாவிடில் பெட்டியை மெல்லத் திருப்புங்கள். உள்ளிருக்கும் பெரைட் கோலின் முனை, மூலத்தை நேரே நோக்குகையில் இரைச்சல் மிகத் தணியும். வேறோர் இடத்தில் நின்றும் அவ்வாறே பார்த்தால், இரு திசைகளும் கூடுமிடம் புலப்படும். கதவைத் தட்டும்போது குற்றம் சாட்ட வேண்டாம். சற்றே நிறுத்திப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அவருக்குக் கேட்பது விசிறியின் ஓசை மட்டுமே.