கைதியின் மதம் எது?

 

சிவகங்கை மாவட்டத்தவரான இயேசு சபைப் பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமார், தமிழக முகாம்களில் இலங்கை அகதிகளுக்குப் பணியாற்றியவர். 2014 ஜூன் 2 அன்று ஆப்கானிஸ்தானில் ஹெராத் அருகே, தாயகம் திரும்பிய அகதிகளின் பிள்ளைகள் பயிலும் பள்ளியிலிருந்து கடத்தப்பட்டார். 2015 பிப்ரவரி 22 அன்றுதான் அவரது விடுதலைச் செய்தி வந்தது.

ஒரு பாதிரியாருக்காகப் பள்ளிவாசலில் துஆச் செய்யலாமா என்று கேட்போர் உண்டு. நமது திருச்சி புனித வளனார் கல்லூரி அவரது சபையினர் நடத்துவதே. ராமேஸ்வரத்து அப்துல் கலாம் 1954இல் பட்டம் பெற்றது அங்குதான். ஸ்ரீரங்கத்து அய்யங்கார் பிள்ளைகளும் பாலக்கரை முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்த இடம் அது. எனினும் இந்த உறவை நான் இரண்டாவது காரணமாகவே வைக்கிறேன்.

முதற்காரணம் மார்க்கக் கட்டளை. பசித்தவருக்கு உணவளிப்பதையும் நோயாளியை நலம் விசாரிப்பதையும் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கைதியை விடுவிப்பதையும் அவற்றோடு சேர்த்தே ஏவினார்கள், புகாரியில் பதிவாகியுள்ளது. அது முஸ்லிம் கைதியை மட்டும் குறிக்கும் என்பீர்களாயின், 76ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். கைதிக்கு உணவளிப்போரை இறைவன் அங்கே புகழ்கிறான். அன்றைய கைதிகள் இணைவைப்போரே என இப்னு அப்பாஸ் (ரலி) கூறியதை விரிவுரையாளர்கள் எடுத்துரைக்கின்றனர்.

2005 நவம்பரில் பாக்தாதில் கிறிஸ்தவ அமைதிப் பணியாளர் நால்வர் கடத்தப்பட்டபோது, பிரிட்டன் முஸ்லிம் சங்கம் அனஸ் அல்திக்ரீதியை அங்கு தூதராக அனுப்பியது. டாம் ஃபாக்ஸ் கொல்லப்பட்டார். ஏனைய மூவரைப் படையினர் 2006 மார்ச் 23 அன்று மீட்டனர். தூது போனது வீண் என்போர் சொல்லட்டும். போகாதிருந்தால், கடத்தியவர்களின் குரல் மட்டுமே இஸ்லாத்தின் குரலாக ஒலித்திருக்கும்.

வரும் வெள்ளியன்று இரண்டாம் குத்பாவில் கைதிகளின் விடுதலைக்காக துஆச் செய்யும்போது, உங்கள் ஆமீனில் இத்தகையோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.